இசபெல்லாவின் எடைக்கு ரொட்டி

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் செங்கோடன் மண்டியின் பெரிய தராசை, இடுப்பு பிடித்துக்கொண்டு வீட்டோடு உட்காரும் வரை, இருபத்தாறு வருஷம் கட்டிக்காத்தவர் தோமினிக். மஞ்சள், புளி, மல்லி, வெல்லம் என்று எது வந்து இறங்கினாலும் அவர் கண்ணில் படாமல் உள்ளே போகாது. சாக்குக்கு இவ்வளவு என்று கழிப்பார். மண்ணும் தூசியும் இருந்தால் அதற்கும் கழிப்பார். ஈரம் இருந்தால் விற்க வந்தவன் முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவார். எல்லாம் போகக் கடைசியில், "சுத்தம் இவ்வளவு" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கூவுவார். அதற்கு மேல் பேச்சு கிடையாது. விற்கிறவனும் வாங்குகிறவனும் ஒரே ஆளின் வாயை நம்பி நிற்பது அந்தக் கடைவீதியில் லேசான காரியம் அல்ல.

"தோமினிக்கு, உன் நாக்குல ஒரு முள்ளு இருக்குதுடா" என்பார் முதலாளி செங்கோடன். "தராசு முள்ளு கூட அப்பப்ப ஆடுது. உன்னுது ஆட மாட்டேங்குதே."

தோமினிக்குக்கும் அவர் மனைவி தெரசம்மாளுக்கும் கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்த ஒரே பெண் இசபெல்லா. 1957-ல் அவளுக்கு ஆறு வயது. அந்த வருஷம் ஈஸ்டருக்கு மறுநாள், மண்டியில் வேலை இல்லாத நேரத்தில், புதுப் பாவாடையோடு வந்து நின்றவளைத் தூக்கித் தராசுத் தட்டில் உட்கார வைத்தார். சங்கிலியைப் பிடித்துக்கொண்டு அவள் சிரித்தாள். பாவாடைக்கும் அரைஞாண் கொடிக்கும் கழித்துவிட்டு, "இசபெல்லா, சுத்தம் முப்பத்துநாலு ராத்தல்!" என்று கூவினார். சுமை தூக்குகிறவர்கள் கைதட்டினார்கள்.

ஆடி மாதம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் சாதாரணக் காய்ச்சல் என்று கஷாயம் வைத்துக் கொடுத்தார்கள். ஆறாம் நாள் வாய் உலர்ந்து, கூப்பிட்டால் திரும்பாமல் கிடந்தாள். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது டைபாய்டு என்றார்கள். பதினாலாம் நாள் சாயங்காலம் டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அடுத்த கட்டிலுக்குப் போனார். அதற்குத் தோமினிக்குக்கு அர்த்தம் தெரிந்தது. ஆஸ்பத்திரி வேப்பமரத்தடிக்குப் போய் நின்று, பதுவை அந்தோனியாருக்கு நேர்ந்துகொண்டார்.

அவர்கள் பங்குக் கோயிலை ஒட்டி அந்தோனியாருக்குக் குகை மாதிரிக் கட்டின ஒரு சின்னக் கெபி உண்டு. செவ்வாய்க்கிழமைதோறும் காலைப் பூசைக்குப் பிறகு, வேண்டுதல் பலித்தவர்கள் அங்கே ஏழைகளுக்கு ரொட்டி கொடுப்பார்கள். பெரும்பாலும் ஆளுக்கு ஒரு பன், இல்லை பாதி பன். எடைக்கு எடை வெல்லம் கொடுத்தவர்கள் உண்டு, மெழுகு கொடுத்தவர்கள் உண்டு. ரொட்டியை எடைக்கு எடை யாரும் கொடுத்ததில்லை. தோமினிக் வாயில் அதுதான் வந்தது. "எம் புள்ள எந்திரிச்சு நடக்கட்டும். அவ எடைக்கு எடை ரொட்டி உம்ம ஏழைங்களுக்குக் குடுக்கறேன்."

இருபத்தோராம் நாள் காய்ச்சல் விட்டது. மொட்டையடித்த தலையும் குச்சிக் கையுமாக இசபெல்லா வீட்டுக்கு வந்தாள்.

"சோறு இன்னும் பத்து நாளைக்கு வேண்டாம்" என்றார் டாக்டரம்மா. "குடல் புண்ணா இருக்கு. ரொட்டியப் பால்ல நனைச்சுக் குடுங்க. மேல் தோலை எடுத்துட்டு உள்ளே இருக்கிற வெள்ளை மட்டும். காகிதம் சுத்தின ரொட்டியா பாத்து வாங்கணும். தட்டுல தெறந்து வச்சிருக்கறது வேண்டவே வேண்டாம். ஈ உக்காந்த ரொட்டி இந்தப் புள்ளைக்கு விஷம்."

காகிதம் சுற்றிய ரொட்டி செவ்வாய்ப்பேட்டையில் ஒரே இடத்தில்தான் கிடைக்கும். கடைவீதி முனையில் சின்னராஜ் வைத்திருந்த ஸ்டோர். பிஸ்கட் டின், ஜாம் பாட்டில், சோப்பு, மெழுகுவத்தி என்று ஃபேர்லேண்ட்ஸ் பங்களாக்காரர்கள் கேட்கிற சாமான் எல்லாம் அங்கே உண்டு. ரொட்டி வாரத்துக்கு இரண்டு தடவை, திங்களும் வியாழனும், பெங்களூரிலிருந்து ரயிலில் வரும். ஒன்று தாளோடு ஒரு ராத்தல், அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. மெழுகுத்தாளில் சுற்றி, இரண்டு முனையிலும் தாளை மடித்து, சீட்டு ஒட்டி, கண்ணாடிப் பீரோவுக்குள் அடுக்கியிருக்கும்.

முதல் நாள் தோமினிக் போய், "தம்பி, ரொட்டி ஒண்ணு வேணும்" என்றார்.

"எடுத்துக்குங்கண்ணே. பெங்களூரு சரக்கு. மெசின்ல சுத்தினது, ஆள் கை படாதது."

தோமினிக் ஒன்றை எடுத்தார். உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தார். வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தார். ஆறாவதை எடுத்தபோது சின்னராஜுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏனுங்கண்ணே, பொண்ணு பாக்க வந்தாப்ல பாக்கறீங்க? எல்லாம் ஒரே அடுப்புல வெந்ததுங்க. எதை எடுத்தாலும் ஒண்ணுதான்."

"எதை எடுத்தாலும் ஒண்ணுன்னா, நீ ஏன் முன்னால ஒரு வரிசை, பின்னால ஒரு வரிசைன்னு தனித்தனியா வச்சிருக்கற?"

கடையில் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். சின்னராஜ் பின் வரிசையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தான். முன் வரிசை போன திங்கள் வந்த சரக்கு.

சிரித்தவர்களுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. தோமினிக் பயந்துபோயிருந்தார். புளியை முகர்ந்து பார்க்கலாம். வெல்லத்தைக் கிள்ளி வாயில் போடலாம். அரிசி மூட்டைக்குள் குத்தூசியைச் செருகினால் அடியில் கிடப்பது கைக்கு வந்துவிடும். இதை என்ன செய்வது? எங்கேயோ ஒருவன் சுட்டு, எங்கேயோ ஒரு மெசின் சுற்றி, ரயிலேறி வந்த சாமான். பிரித்தால் வாங்கியாக வேண்டும். பிரிக்காமல் பார்த்தால் தாள்தான் தெரிகிறது. அதுவரை பதினேழு வருஷமாகக் கற்ற வித்தை அத்தனையும் ஒரு மெழுகுத்தாளுக்கு வெளியே நின்றுவிட்டது. உள்ளே போகிறதோ அவர் மகளின் புண்பட்ட குடலுக்கு.

ஆனாலும் கற்றுக்கொண்டார். வேறு வழி இல்லை. இரண்டு விரலால் பக்கவாட்டில் அமுக்கினால், நல்ல ரொட்டி மெல்ல உள்வாங்கி, விட்டவுடன் எழும்பும். பழசு எழும்பாது, இல்லாவிட்டால் அமுங்கவே அமுங்காது. எடை கூடக் கூட நல்லது என்பது மண்டிக் கணக்கு. இங்கே அது செல்லாது. கைக்குக் கனமாக இருப்பது சரியாக வேகாமல் ஈரம் தங்கியது. தாளின் உட்பக்கம் பனித்திருந்தால், சூடு ஆறும் முன்பே சுற்றிவிட்டார்கள் என்று பொருள். இரண்டு நாளில் பூசணம் பிடிக்கும். முனை மடிப்பில் மூக்கை வைத்தால் புதுசுக்கு மாவு வாசனை வரும், பழசுக்குக் கள் வாசனை வரும். சீட்டு கோணலாக ஒட்டியிருந்தாலோ, மடிப்பு இரண்டு தடவை மடங்கிய தடம் இருந்தாலோ, யாரோ பிரித்து மறுபடி ஒட்டியது. அதைத் தொடவே மாட்டார்.

வாங்கி வந்த ரொட்டியின் மேல் தோலைத் தெரசம்மாள் சீவி எடுப்பாள். அந்தத் தோலைத் தோமினிக் முதலில் தின்பார். அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார். தன் வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகுதான் மகளின் பால் கிண்ணத்துக்கு ரொட்டி போகும்.

"உங்க வயித்துக்குக் கல்லப் போட்டாலும் கரைஞ்சிரும்" என்பாள் தெரசம்மாள். "அதுல போயி சோதன பண்றீங்களே."

"இருக்கட்டும். குடுக்கறதுக்கு முன்னால யாராச்சும் ஒருத்தரு திங்கோணும்ல."

இசபெல்லா தின்றாள். நாலாம் நாள் எழுந்து உட்கார்ந்தாள். எட்டாம் நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை நடந்தாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. தெரசம்மாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "நடந்துட்டா பாத்தீங்களா? வர்ற செவ்வாக்கிழமை நேர்ச்சையக் குடுத்துருங்க" என்றாள்.

"ஆகட்டும்" என்றார் தோமினிக்.

பிற்பகல் மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு, பூட்டியிருந்த மண்டியைத் திறந்து தராசில் வைத்தார். தட்டு கீழே இறங்கவே இல்லை. கல்லை எடுத்து எடுத்துக் கடைசியில் முள் நின்ற இடம் இருபத்துநாலு ராத்தல்.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் சொன்னார். "இந்தச் செவ்வாக்கிழமை வேண்டாம்."

"ஏன்?"

"இருபத்துநாலுதான் நிக்குது. அது அவ எடை இல்ல. காய்ச்சல் தின்னது போக மிச்சம் கெடக்கற எடை. அவ எடை முப்பத்துநாலு. அத நானே வாய்விட்டுக் கூவியிருக்கேன். இப்ப அந்தோனியாருகிட்ட இருபத்துநாலக் கொண்டுபோயி வச்சேன்னா, அது என்ன எடை? கள்ள எடை."

"அப்ப முப்பத்துநாலாவே குடுங்க. யாரு வேண்டாங்கறா?"

"இல்லாத எடைய எப்படிச் சொல்றது? தட்டுல நிக்கோணும்ல? புள்ள தேறட்டும். முப்பத்துநாலத் தொட்டதும் அன்னிக்கே குடுத்தர்றேன்."

தெரசம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள். "நேந்துக்கறப்ப என்ன சொன்னீங்க? எந்திரிச்சு நடக்கட்டும்னா, கொழுத்து நடக்கட்டும்னா?"

"உனக்கு எடை தெரியாது."

"எனக்குச் சாமியத் தெரியும். அவருகிட்டப் போயி மண்டி நாயம் பேசாதீங்க."

தோமினிக் கேட்கவில்லை. தான் செய்வது நேர்மை என்று அவருக்கு முழு நிச்சயம். அவர் வாழ்நாளில் ஒருவனுக்கும் குறைத்துப் போட்டதில்லை. ஒரு புனிதருக்கா குறைத்துப் போடுவார்? தாளின் எடையைக்கூட யோசித்து வைத்திருந்தார். இசபெல்லா தின்று முடித்த ரொட்டிகளின் தாள்களைச் சேர்த்து நிறுத்துப் பார்த்ததில், முப்பத்துநாலு ரொட்டிக்குச் சுற்றின தாளே அரை ராத்தலுக்கு மேல் போகும் என்று தெரிந்தது. ஆகவே கழிவு போகச் சுத்தமாக நிற்க, முப்பத்தைந்து ரொட்டி.

ஞாயிறுதோறும் மகளைத் தராசில் வைத்தார். இருபத்தைந்தரை. இருபத்தேழு. அந்த வாரங்களில் அவரைப் பார்த்தவர்கள் அவ்வளவு சந்தோஷமாக அவரை அதற்கு முன்பும் பின்பும் பார்த்ததில்லை என்பார்கள். சின்னராஜிடம்கூட நின்று பேசுவார். முள் ஒரு கோடு ஏறினால் அவருக்கு ஒரு வாரத்துக்குப் போதும். நாலு செவ்வாய்க்கிழமை போயிற்று. ஒவ்வொரு செவ்வாயும் தெரசம்மாள் கெபிக்குப் போய் ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வருவாள்.

நாலாவது செவ்வாய்க்கு மறுநாள் இசபெல்லா, "அப்பா, குளுருது" என்றாள். நல்ல வெயில் நேரம்.

சாயங்காலத்துக்குள் உடம்பு கொதித்தது. மறுபடியும் அதே ஆஸ்பத்திரி. அதே வரிசையில் வேறு கட்டில். தெரசம்மாளை அங்கே விட்டுவிட்டுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்த தோமினிக், மாடத்தில் மகளுக்குக் காலையில் கொடுத்தது போகப் பாதி மிச்சமிருந்த ரொட்டியைப் பார்த்தார். எடுத்துத் தாளை முழுசாகப் பிரித்தார். அடிப்பக்க மூலையில், சீட்டு ஒட்டியிருந்த மடிப்புக்கு நேர் கீழே, கடுகளவு பச்சை. அந்த மூலையில் மட்டும் அவர் விரல் வைத்துப் பார்த்ததில்லை, சீட்டு மறைத்திருந்தது.

காய்ச்சலைத் திரும்பக் கொண்டுவந்தது எது? இதுவா? இல்லை, கொடுக்காமல் தள்ளிப்போட்ட நாலு செவ்வாயா? இரண்டில் எது என்று தெரிந்தால்கூட ஒரு பக்கமாக விழுந்து அழலாம். தெரியவில்லை.

ரொட்டியைத் தாளோடு சுருட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரம்மாவிடம் நீட்டினார். "இதனாலங்களா?"

டாக்டரம்மா பார்த்தார். "இதைக் குடுத்திருக்க வேண்டாம். ஆனா காய்ச்சல் இதனால இல்ல. டைபாய்டு சில பேருக்கு ரெண்டாவது தடவை திரும்பி வரும். மாத்திரை நிறுத்தி ரெண்டு மூணு வாரம் கழிச்சு வரும். நீங்க எது குடுத்திருந்தாலும் வந்திருக்கும்."

"வேற ஒண்ணு இருக்குதுங்க. நேர்ச்சை ஒண்ணு…"

"அதனாலயும் இல்ல."

"அப்ப நான் செஞ்ச தப்பு எதுவும் இல்லீங்களா?"

"தப்பு இருக்குன்னு சொல்லணும்னு ஏன் இவ்வளவு ஆசைப்படறீங்க?" என்று கேட்டுவிட்டு அவர் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

தெரசம்மாள் மகளின் நெற்றியில் ஈரத்துணியை மாற்றிப் போட்டுக்கொண்டே, அவர் பக்கம் திரும்பாமல், "செவ்வாக்கிழமை" என்றாள். அவ்வளவுதான்.

கொடுப்பதென்றால் எவ்வளவு கொடுப்பது? அவர் மனது பழக்கதோஷத்தில் முதலில் அங்கேதான் போயிற்று. மகள் இப்போது என்ன எடை? கட்டிலைவிட்டு அவளை அசைக்கவே கூடாது என்று உத்தரவு. குடல் ஓட்டை விழுந்துவிடும் என்றார்கள். தண்ணீர்கூடக் கரண்டியால்தான். தராசில் வைக்கிற பேச்சே இல்லை. முப்பத்துநாலு என்று முடிவு செய்துகொண்டார். அன்றைக்குத் தெரசம்மாள் சொன்ன அதே முப்பத்துநாலு. தட்டில் நிற்காத எடை.

செவ்வாய் காலை பூசை மணி அடிக்கும் முன்பே சின்னராஜ் கடை வாசலில் நின்றார். முந்தின நாள் ரயிலில் வந்த பெட்டி பிரித்தபடி இருந்தது.

"அண்ணே, பாப்பா எப்படி?"

"முப்பத்தஞ்சு ரொட்டி வேணும்."

சின்னராஜ் விஷயத்தை ஊகித்துக்கொண்டான். குரலைத் தணித்து, "நாப்பதுதான் வந்திருக்குதுங்க. பங்களாக்காரங்களுக்குப் பத்து பன்னெண்டு போகோணும். ஒண்ணு செய்யலாமுங்க. போன வியாழக்கெழம சரக்கு இருபது நிக்குது, பாதி வெலைக்குத் தர்றேன். அதுல இருபது, புதுசுல பதினஞ்சு. கணக்கு சரியாப் போயிரும். தர்மத்துக்குத்தானுங்களே, அவங்க என்ன அமுக்கியா பாக்கப் போறாங்க?" என்றான்.

தோமினிக் அவனையே பார்த்தார். கோபம் வரவில்லை. "எம் புள்ளைக்கு வாங்கறப்ப நான் எப்படிப் பாத்தேன்னு உனக்குத் தெரியுமில்ல?"

"தெரியுங்களே. உசுர வாங்கிப்போட்டீங்க."

"அதே மாதிரிதான் இன்னிக்கும் பாப்பேன். பங்களாக்காரங்களுக்கு மிச்சத்துல இருந்து குடு."

பெட்டிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். ஒவ்வொன்றாக எடுத்தார். பக்கத்தில் அமுக்கினார், மடிப்பை முகர்ந்தார், வெளிச்சத்தில் பிடித்துத் தாளில் பனி இருக்கிறதா என்று பார்த்தார். இந்தத் தடவை சீட்டு ஒட்டிய மூலையையும் கட்டைவிரலால் தடவித் தடவிப் பார்த்தார். அந்தத் தடவை வந்த சரக்கு மோசம். மழையில் ரயில் தாமதமோ என்னவோ, பாதிக்கு மேல் வியர்த்திருந்தது. நாற்பதையும் பார்த்து முடித்தபோது அவருக்கு வலப்பக்கம் பத்தொன்பது இருந்தது. இடப்பக்கம் இருபத்தொன்று.

கோயிலில் முதல் மணி அடித்தது.

தோமினிக் அப்படியே உட்கார்ந்திருந்தார். இடப்பக்கத்தில் பதினாறை எடுத்துச் சேர்த்தால் எடை சரி. யாருக்கும் தெரியாது, அந்த ரொட்டியால் யாரும் செத்துவிடப் போவதுமில்லை. சேர்க்காவிட்டால் குறை. நாலு வாரம் எந்தக் குறைக்குப் பயந்து தள்ளிப்போட்டாரோ, அதையேதான் இப்போது கூடையில் தூக்கிக்கொண்டு போகவேண்டும். அதுவும் மகள் சாகக் கிடக்கிறபோது. அவர் கை இடப்பக்கம் ஒரு தடவை போயிற்று. ஒரு ரொட்டியைத் தொட்டது. தாளுக்குள் ஈரம் விரலுக்குத் தெரிந்தது. கையை எடுத்துக்கொண்டார்.

"பத்தொம்போதுதான்" என்று எழுந்தார்.

"அண்ணே, எடைக்கு எடைன்னு நேந்துட்டு…"

"தெரியும் தம்பி."

மண்டி ஆட்கள் கூடையை வாங்க வந்தார்கள். அவர் கொடுக்கவில்லை. பதினேழு வருஷம் அடுத்தவர் சுமையை நிறுத்தவர், அன்றைக்குக் கடைவீதி நெடுகத் தலையில் சுமந்து போனார்.

கெபி வாசலில் முப்பது பேருக்குமேல் உட்கார்ந்திருந்தார்கள். தோமினிக் கூடையை அந்தோனியார் சுரூபத்தின் காலடியில் இறக்கினார். செபம் சொல்ல நினைத்தார், வாய் வரவில்லை. வந்தது மண்டிக் குரல்தான். அத்தனை பேர் முன்னால் உரக்கச் சொன்னார்:

"இசபெல்லா எடைக்கு ரொட்டி. வேண்டியது முப்பத்தஞ்சு. இருக்கறது பத்தொம்போது. குறை பதினாறு."

முக்காடிட்டு நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். பங்குசாமியார்கூடக் கோயில் வாசலில் நின்று பார்த்தார். தோமினிக் யாரையும் பார்க்காமல், இரண்டு பேருக்கு ஒன்றாகக் கொடுக்க ஆரம்பித்தார்.

முதல் வரிசையில் ராமாத்தாள் இருந்தாள். கடைவீதியில் சிந்தின மல்லியைக் கூட்டி அள்ளிப் புடைத்து விற்கிறவள். கோயில் எது என்று பார்க்காமல் கொடுக்கிற இடத்துக்கு எல்லாம் போகிறவள். ரொட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏனுங்க சாமி, இது காய்ச்சக்காரங்க திங்கறதுங்களே. எனக்கு ஒடம்புக்கு ஒண்ணும் இல்லீங்க."

"சும்மாவும் திங்கலாம். தின்னு."

"எம் பொண்ணு காய்ச்சல்ல கெடந்தப்ப இதைத்தான் வாங்கோணும்னு சொன்னாங்க. அன்னிக்கு முடியல." அமுக்கிப் பார்த்தாள். அவர் அமுக்குகிற மாதிரியே, இரண்டு விரலால். "நல்லாத்தான் இருக்குது. ஊட்ல யாருக்குங்க காய்ச்சல்?"

"எம் புள்ளைக்கு. ஆறு வயசு."

"எம் பொண்ணு என்ன ஆச்சுன்னு கேக்க மாட்டீங்களா?" என்றாள் ராமாத்தாள்.

தோமினிக் நின்றார். கையில் அடுத்த ரொட்டி இருந்தது. கேட்கப் பயமாக இருந்தது. "என்ன ஆச்சு?"

"போயிருச்சுங்க." தாளைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள். "ரொட்டி வாங்கிக் குடுக்காததாலதான்னு ரொம்ப நாளு நெனச்சிட்டிருந்தேன். உங்க புள்ளைக்கு வாங்கிக் குடுத்தீங்கல்ல?"

"குடுத்தேன்."

"குடுத்துமா காய்ச்சல் வந்துது?"

"வந்துது."

ராமாத்தாள் அதை யோசித்தாள். அவள் முகத்தில் ஏதோ ஒன்று இறங்கி, லேசாயிற்று. அது அவருக்குச் சொன்ன ஆறுதல் அல்ல. அவளுக்கே கிடைத்தது. தோமினிக் அடுத்த ஆளிடம் நகர்ந்தார்.

அன்று சாயங்காலம் காய்ச்சல் இறங்கவில்லை. மறுநாள் இன்னும் ஏறிற்று. வெள்ளிக்கிழமை மலத்தில் ரத்தம் போயிற்று. அடுத்த செவ்வாய் பத்து ரொட்டி கொண்டுபோனார். "குறை ஆறு" என்றார். இந்தத் தடவை குரல் எழும்பவில்லை. ராமாத்தாள்தான் பின்னால் இருப்பவர்களுக்குத் திருப்பிச் சொன்னாள். காய்ச்சல் இறங்கியது எந்தச் செவ்வாய்க்கிழமையும் அல்ல. அதற்குப் பிந்திய ஒரு சனிக்கிழமை, யாரும் எதுவும் செய்யாத ஒரு மத்தியானத்தில், இசபெல்லா வியர்த்தாள். தலையணை நனைந்தது. கண்ணைத் திறந்து, பக்கத்துக் கட்டில் பெண்ணின் ஆரஞ்சுப் பழத்தைப் பார்த்தாள். ரொட்டியாலா, மாத்திரையாலா, அவளாலேயா என்று தோமினிக் கேட்கவில்லை. கேட்கிற தெம்பு போயிருந்தது. வந்த செவ்வாய்க்கிழமை மீதி ஆறையும் கொடுத்தார். எடையைக் கூவவில்லை.

அதற்கப்புறம் பத்து நாள் கழித்துத்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். குதிரை வண்டி தெருமுனையில் நின்றது. தெரசம்மாள் மூட்டையோடு முன்னால் இறங்கினாள். தோமினிக் கையை நீட்டி மகளை ஏந்திக்கொண்டார்.

ஏந்திய கணமே அவர் கைக்குத் தெரிந்துவிட்டது. தெரியாமல் இருக்க அவர் எவ்வளவோ பார்த்தார். நடையை வேகமாகப் போட்டார். மகளிடம், "அதா பாரு, சின்னராஜ் மாமா நிக்கறான்" என்று காட்டினார். ஆனால் அந்தக் கைகளுக்கு வேறு ஒன்றும் தெரியாது. பாவாடைக்கும் போர்வைக்கும் தாமாகவே கழித்துக்கொண்டன. வீட்டுப் படி ஏறும்போது எண் வந்து நின்றது, அரை ராத்தல்கூட முன்பின் இல்லாமல்.

பாயில் படுக்க வைத்ததும் தெரசம்மாள் அவர் முகத்தைப் பார்த்தாள். பதினாறு வருஷம் கூட இருந்தவள். அவர் கை எதை வாங்கினாலும் என்ன சொல்லும் என்று அவளுக்குத் தெரியும்.

"எவ்வளவு இருக்கா?" என்றாள் மெதுவாக.

"தெரியல" என்றார் தோமினிக்.

அவள் அவர் கைகளைப் பார்த்தாள். பிறகு பால் காய்ச்சப் போனாள்.